நடையில் கை அடங்கினால் கவனியுங்கள்

(முதியோர் தினத்தை முன்னிட்டுத் தோட்டத்து மண்டபத்தில் எமது சுகாதாரக் குழுவினர் நிகழ்த்திய பேச்சு. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



வயதானவர்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக முழங்காலில்தான் ஆரம்பிப்பார்கள். அதற்கு என்ன எண்ணெய் பூசுவது, என்ன குளிசை போடுவது என்று நாங்களும் இதே மண்டபத்தில் பல தடவை பேசியிருக்கிறோம். இன்றைக்கு முழங்காலை விட்டுவிட்டு இடுப்புக்கு மேலே போகிறோம். கை, தோள், முதுகு, கழுத்து, தலை. "நடக்கிறது காலு, இதுகளுக்கு அங்க என்னா வேல?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நாம் கவனிக்காத அளவுக்கு அது அமைதியாக நடக்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் லயம் லயமாகப் போகும்போது பெரியவர்களிடம் கேட்கிற முதற் கேள்வி, கடைசியாக எப்போது விழுந்தீர்கள் என்பது. "நான் எங்க விழுந்தேன், நல்லாத்தானே இருக்கேன்" என்று பாட்டி சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் நிற்கும் மருமகள், "ஏன் அத்த, தை மாசம் பீலிக்கரையில சறுக்கி விழுந்து ரெண்டு நாளு படுத்திருந்தீங்களே" என்பார். விழுந்ததைச் சொல்லப் பெரியவர்களுக்கு வெட்கம். சொன்னால் வெளியே போக விட மாட்டார்கள் என்ற பயமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகம் முழுவதும் ஆண்டொன்றுக்குச் சுமார் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்ததனால் உயிரிழக்கிறார்கள். அவர்களில் அதிகமானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். இடுப்பு எலும்பு முறிந்த ஒருவரைப் படியும் கானும் சறுக்கலுமாக இருக்கிற பாதையில் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வருவது எவ்வளவு பாடு என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். உயிர் தப்பினாலும் அதன் பிறகு கக்கூசுக்குப் போகவும் ஒரு ஆள் துணை வேண்டியிருக்கும். ஆகவே ஒருவர் விழுவதற்கு முன்னரே, அவருடைய நடையைப் பார்த்து ஏதாவது அறிந்துகொள்ள முடியுமா என்பதுதான் இன்றையப் பேச்சு.

(இவ்விடத்தில் பாடசாலைப் பிள்ளைகள் இருவர் மண்டபத்தின் குறுக்கே நடந்து காட்டினார்கள்.)

பார்த்தீர்களா? வலது கால் முன்னே போகும்போது எந்தக் கை முன்னே வருகிறது? இடது கை. இடது கால் போனால் வலது கை. இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வலது காலை எட்டி வைக்கும்போது இடுப்பின் வலது பக்கமும் கொஞ்சம் முன்னே திரும்புகிறது. இடுப்பு திரும்பின பக்கமே நெஞ்சும் திரும்பினால் உடம்பு முழுவதும் கதவு மாதிரி அந்தப் பக்கம் சுழன்றுவிடும். அப்படிச் சுழலாமல் இருக்கத்தான் மேலுடம்பு எதிர்ப்பக்கம் சற்றுத் திரும்புகிறது, எதிர்க் கையும் முன்னே வருகிறது. கீழே ஒரு முறுக்கு, மேலே அதற்கு எதிர் முறுக்கு. இரண்டும் ஒன்றையொன்று சமப்படுத்துவதால் தலை ஆடாமல் நேராகப் போகிறது, கண்ணும் பாதையை ஒழுங்காகப் பார்க்கிறது.

இப்போது அதே பிள்ளைகள் கையிரண்டையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வேகமாக நடக்கட்டும். தோளைப் பாருங்கள், இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆடுகிறது. 2009ஆம் ஆண்டில் ஸ்டீவன் கொலின்ஸ் முதலான மூன்று ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். கையை ஆடவிடாமல் பிடித்துக்கொண்டு நடந்தால் உடம்பு செலவழிக்கும் சக்தி 12 வீதம் கூடுகிறது. பாதம் தரையில் முறுக்குகிற விசை 63 வீதம் கூடுகிறது. கையை வீசி நடப்பதற்குத் தோளுக்குப் பெரிய வேலையும் இல்லை, ஊஞ்சல் மாதிரி அது பாட்டுக்கு ஆடுகிறது. "சும்மா கைய வீசிக்கிட்டு வாறான்" என்று வேலைவெட்டி இல்லாதவனைச் சொல்வோம். அந்தக் கை சும்மா இல்லை.

பிள்ளைமடுவத்து ஆயாக்களுக்கு இன்னொரு விசயம் தெரியும். முதல் அடி எடுத்து வைக்கிற பிள்ளை கையை வீசாது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, காலை அகட்டி, தத்தித் தத்தி வரும். உடம்பு நிலைக்கப் பழகின பிறகுதான் கை கீழே இறங்கும், அதன் பிறகுதான் காலோடு சேர்ந்து வீசத் தொடங்கும். கை வீச்சு என்பது உடம்பு தன் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறது என்பதற்கு ஒரு அடையாளம் என்று நாங்கள் சொல்வோம். வயதாகும்போது அந்த நம்பிக்கை குறைகிறது. காலை அகட்டி வைப்பதும் அடி குறுகுவதும் திரும்பி வருகின்றன.

அமெரிக்காவில் மேரி பெட் மரே என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் நோய் நொடி இல்லாத ஆண்களின் நடையைப் படம் பிடித்து ஆராய்ந்து 1969ஆம் ஆண்டில் எழுதினார்கள். வயதானவர்களின் அடி குறுகியிருந்தது, வேகம் குறைந்திருந்தது, கை வீச்சும் இளைஞர்களைப் போல் இல்லை. வழுக்குகிற தரையில் ஒருவர் எப்படிப் பார்த்துப் பார்த்து நடப்பாரோ, அந்தச் சாயலில் அவர்களுடைய நடை இருந்தது. மழை நாளில் நாம் எல்லோரும் நடக்கிற நடைதான் அது. வயதானவர் வெயில் நாளிலும் அப்படி நடக்கிறார்.

ஏன் அப்படி ஆகிறது? ஒரு பங்கு வேகத்தினால். மெதுவாக நடந்தால் யாருக்குமே கை குறைவாகத்தான் ஆடும், இளவட்டங்களுக்கும் அப்படித்தான். மற்றப் பங்கு உடம்பின் மாற்றம். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கிற சவ்வுகள் தேய்கின்றன. விலா எலும்பு முதுகோடு சேருகிற மூட்டுகள் இறுகுகின்றன. தசை மெலிகிறது, அறுபதுக்குப் பின்னர் இன்னும் வேகமாக மெலிகிறது. தாய்மாருக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் சத்தும் இறங்குகிறது. இதெல்லாம் சேர்ந்து, நெஞ்சும் இடுப்பும் எதிரெதிராகத் திரும்ப முடியாமல் ஒரே பலகையாக அசையத் தொடங்குகின்றன. பெரியவர் ஒருவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்காமல், பல சின்னச் சின்ன அடிகள் வைத்து முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். பீலிக்கரையிலும் அடுப்படியிலும் விழுகிறவர்களில் பலர் நேராக நடக்கும்போது விழுவதில்லை, திரும்பும்போதுதான் விழுகிறார்கள்.

முதுகு முன்னே வளைந்துவிட்டால் இன்னொரு தொல்லை. உடம்பின் பாரம் காலுக்கு முன்னே போய்விடுகிறது. கண்ணுக்கு இரண்டடி நிலம் மட்டும்தான் தெரியும். எதிரே வரும் மாடு, த்ரீவீல், பாதையின் திருப்பம் எதுவும் தெரியாது. அதைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் கழுத்து பின்னே மடங்கிச் சிலருக்குத் தலை சுற்றும். இதற்கெல்லாம் மேலே பயம். ஒரு தடவை விழுந்தவருக்குப் பயம் வரும், பயம் வந்தால் உடம்பை இறுக்குவார், உடம்பு இறுகினால் கை ஆடாது, கை ஆடாவிட்டால் சமநிலை இன்னும் குறையும். பிறகு வெளியே போவதையே குறைப்பார், தசை இன்னும் மெலியும். வயது மட்டும் செய்த வேலை இல்லை இது.

எங்கள் ஆட்களின் கதைக்கு வருவோம்.

கொழுந்து எடுக்கிற ஒரு தாய் பதினெட்டு, இருபது வயதில் மலைக்குப் போகத் தொடங்கினால், எத்தனை வருசம் பாரத்தோடு நடந்திருப்பார் என்று யோசியுங்கள். கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, கழுத்தை முன்னே நீட்டிய நடை. இப்போது பல தோட்டங்களில் கூடை போய்ப் பை வந்துவிட்டது, பாரம் போகவில்லை. மழையில் நனைந்த கொழுந்தின் பாரத்தைப் பற்றி நாங்கள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்து வரும்போதாவது கை சும்மா இருக்கிறதா? ஒரு கையில் குடை, மறு கையில் தண்ணிக் கேன், தலையில் விறகுக் கட்டு. ஆம்பளைகளுக்கும் இதே கதைதான். கவ்வாத்தில் குனிந்த முதுகு, மருந்து அடிக்கிற தாங்கியைச் சுமந்த தோள். வேலையை விட்டு நின்ற பிறகோ, குளிருக்குச் சால்வையைப் போர்த்திக் கையை உள்ளே மடக்கிக்கொள்வது, அல்லது கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது. நம்ம தாத்தாமாருக்கு அது ஒரு மதிப்பான நடை. சமதரையில் நடக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. சறுக்கலில் வேண்டாம். கால் வழுக்கின அந்தக் கணத்தில் கை வெளியே பறந்து உடம்பைப் பிடிக்க வேண்டும். கட்டியிருக்கிற கையை அவிழ்ப்பதற்குள் ஆள் தரையில் கிடப்பார்.

சுமையைப் பற்றிப் பேசும்போது சிலர், "அந்தக் காலத்துப் பொம்பளைங்க தூக்கலியா? பழகினா ஒண்ணும் செய்யாது" என்று வாதாடுவார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். 1986ஆம் ஆண்டில் கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்களை ஆராய்ந்து நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. லுவோ பெண்கள் தலையில் சுமப்பவர்கள். கிக்குயு பெண்கள் நெற்றியில் வார் மாட்டி முதுகில் சுமப்பவர்கள், ஏறக்குறைய நமது கூடை மாதிரி. தங்கள் உடம்பு நிறையில் 20 வீதம் வரையான பாரத்தை அவர்கள் மேலதிகச் சக்தி செலவில்லாமலே சுமந்தார்கள். 45 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணுக்கு அது 9 கிலோ. 2005ஆம் ஆண்டில் நேபாளத்து மலைப்பாதையில் சுமை தூக்குவோரை நிறுத்து நிறுத்துப் பார்த்தார்கள். அவர்களும் தலையில் பட்டி மாட்டிச் சுமப்பவர்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடம்பு நிறையில் 93 வீதமும், பெண்கள் 66 வீதமும் சுமந்தார்கள். ஆக, பழகின உடம்பு பாரத்தைத் திறமையாகச் சுமக்கும் என்பது மெய்தான்.

ஆனால் அந்த ஆய்வுகள் அளந்தது சக்திச் செலவை. இருபது முப்பது வருசத்துக்குப் பிறகு கழுத்து என்ன ஆகிறது, முதுகு எப்படி வளைகிறது என்பதை அவை அளக்கவில்லை. கிக்குயு பெண்கள் பலருடைய மண்டையோட்டில் வார் அழுத்திய தடம் நிரந்தரமாகவே விழுந்திருந்தது என்று அதே கென்யக் கட்டுரை சொல்கிறது. எலும்பிலேயே தடம் விழுகிறது என்றால், எலும்பைவிட மெல்லிய கழுத்துச் சவ்வு என்ன பாடுபடும்? நேபாளத்துக்காரர்கள் மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நின்று இளைப்பாறுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கூடையின் அடியில் முட்டுக் கொடுத்து நிற்பதற்கென்றே டொக்மா என்ற குட்டைக் கோல் ஒன்றை அவர்கள் கொண்டு போவார்கள். நிறுவை மணிக்கு ஓடி வருகிற நமது பெண்களுக்கு அந்த வசதி ஏது?

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளர்கள் ஓய்வுபெறும் ஆகக் குறைந்த வயதை 60 ஆக்கியது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களும் வருமானத்தோடு வேலையில் இருக்கலாம் என்பது நல்லதே. ஆனால் அந்த வயதில் மலையில் பாரத்தோடு இறங்குகிற உடம்பு முப்பது வயது உடம்பு இல்லை என்பதை வேலை கொடுப்பவரும் வீட்டில் உள்ளவரும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, வயதின் மேல் பழி போடக் கூடாத விசயங்கள். இதைக் கவனமாகக் கேளுங்கள். வயதினால் வருகிற மாற்றம் பெரும்பாலும் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, மெல்ல மெல்ல வரும். ஒரு கை நன்றாக வீசுகிறது, மற்றக் கை மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டு ஆடாமல் வருகிறது என்றால் அது வேறு கணக்கு. பார்க்கின்சன் நோய் என்கிற நடுக்குவாதத்தின் ஆரம்ப அடையாளங்களில் இது ஒன்று. கை நடுங்குவதற்கு முன்னரேகூட இது தெரியலாம். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் 1817ஆம் ஆண்டிலேயே இந்த நோயைப் பற்றி எழுதி வைத்தார். நடுக்கத்தோடு, முன்னே வளைந்த உடம்பையும் அவர் குறிப்பிட்டார். அந்தக் காலத்தில் மருந்து இல்லை, இன்றைக்கு இருக்கிறது. முற்றாகச் சுகமாக்காது, ஆனால் நடையையும் கையையும் பல வருசத்துக்கு நல்லபடி வைத்திருக்க உதவும். "வயசாச்சு, கை வெறச்சிக்கிச்சு" என்று விட்டுவிட்டால் அந்த வருசங்கள் வீணாகிப் போகும்.

ஒரு தோள் வலித்து, கையைத் தூக்கித் தலை சீவ முடியாமல், ரவிக்கையின் பின் கொக்கி போட முடியாமல் இருந்தால் அது தோள்மூட்டு இறுகும் நோயாக இருக்கலாம். சீனி வியாதி உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். விரல்கள் மரத்துப் போய், பொத்தான் போடத் தடுமாறி, காலும் விறைத்துத் தள்ளாடினால் கழுத்தில் நரம்புத்தண்டு நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தில் பாரம் சுமந்த ஒருவர் இதை அலட்சியம் செய்யவே கூடாது. ஒரு நாள் குனிந்து தண்ணி தூக்கும்போது முதுகில் சுருக்கென்று வலி வந்து, அதன் பிறகு ஆள் கூனத் தொடங்கினால், எலும்புத் தேய்வினால் முள்ளந்தண்டெலும்பு நசுங்கியிருக்கலாம். சேலை இப்போதெல்லாம் தரையில் இழுபடுகிறது என்று ஒரு தாய் சொன்னால் சிரிக்காதீர்கள். சேலை நீளவில்லை, அவர் குள்ளமாகியிருக்கிறார். இவற்றுக்கெல்லாம் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். திடீரென்று ஒரு கை தொங்கிப் போய், வாய் கோணி, பேச்சுக் குழறினால் மட்டும் துண்டுக்கும் நிற்காதீர்கள், விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். அது பாரிசவாதம். உடனே 1990க்குப் போன் அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. 1997ஆம் ஆண்டில் சுவீடனில் முதியோர் இல்லத்தில் இருந்தவர்களை நடக்க விட்டுக் கூடவே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த 6 மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரோடு கடைக்குப் போகும்போது ஏதாவது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஒவ்வொரு தடவையும் அவர் நிற்கிறார் என்றால், நடை அவருக்குத் தானாக நடக்கவில்லை, முழு மூளையையும் அதில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கவனமாக இருங்கள். சறுக்கலில் இறங்கும்போது அவரோடு கதை பேசாதீர்கள்.

என்ன செய்யலாம்? இறுகின முதுகை இளைய முதுகாக்க முடியாது. இருக்கிற அசைவைக் காப்பாற்ற முடியும், கொஞ்சம் கூட்டவும் முடியும். தசைக்கும் சமநிலைக்குமான பயிற்சியை ஒழுங்காகச் செய்கிற முதியவர்கள் விழுவது சுமார் கால்வாசி குறைகிறது என்று உலகெங்கும் செய்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2019ஆம் ஆண்டில் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய பயிற்சி ஒன்றும் தேவையில்லை. கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி மறுபடி உட்காருங்கள், பத்துத் தடவை, முடியாதவர் ஐந்து தடவை. கதிரையில் நேராக இருந்தபடி கையை நெஞ்சில் குறுக்காக வைத்து, இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். எலும்புத் தேய்வு உள்ளவர்கள் முறுக்கித் திருப்பக் கூடாது, வலிக்கிற இடத்துக்கு முன்னே நின்றுவிட வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்துக் குதிக்கால் சுவரில் படும்படி நின்று, பின்தலை சுவரில் படுகிறதா என்று பாருங்கள். படாவிட்டால் உங்கள் முதுகு வளைந்திருக்கிறது. தினமும் தோளைப் பின்னே இழுத்து, நாடியை உள்ளே எடுத்து, அந்த இடைவெளியைக் குறைக்கப் பாருங்கள்.

அப்புறம், ஒரு நாளில் ஒரு பத்து நிமிசமாவது இரண்டு கையிலும் எதுவும் இல்லாமல் நடங்கள். சமமான றோட்டில், வெளிச்சத்தில், உங்களால் முடிந்த நல்ல வேகத்தில். கையை வேண்டுமென்று ஆட்ட வேண்டாம், தோளைத் தளர்த்தி விட்டால் அதுவே ஆடும். எங்கள் தாய்மாருக்கு இது சின்ன விசயம் போலத் தோன்றும். ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் கடைசியாக எப்போது நடந்தீர்கள் என்று கேட்டபோது, இந்த மண்டபத்திலேயே பலர் சிரித்தீர்களே தவிரப் பதில் சொல்லவில்லை.

சாமான் தூக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே கையில் தூக்காதீர்கள், இரண்டாகப் பிரித்துத் தூக்குங்கள். இறங்கும்போது ஒரு கையாவது சும்மா இருக்கட்டும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரை வட்டமாக நடந்து திரும்புங்கள். பருப்பு, சோயா, முட்டை, நெத்தலி என்று தசைக்கு வேண்டியதை, பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு மிச்சம் இருந்தால் சாப்பிடலாம் என்று நினைக்காமல் நீங்களும் சாப்பிடுங்கள். ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் போதாது.

ஊன்றுகோலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாங்கள் பார்க்கிற பத்துப் பேரில் பாதிப் பேராவது அதைப் பிழையான கையில் பிடிக்கிறார்கள். வலது முழங்கால் வலித்தால் கோலை வலது கையில் பிடிப்பதுதான் சரி என்று தோன்றும். அப்படி இல்லை. வலது கால் முன்னே போகும்போது இடது கைதானே கூட வருகிறது? அந்தக் கையில்தான் கோல் இருக்க வேண்டும். அப்போது வலிக்கிற காலும் கோலும் ஒன்றாகத் தரையில் பட்டு, பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், நடையின் இயற்கையான தாளமும் கெடாது. வலது கையில் பிடித்தால் உடம்பு வலிக்கிற பக்கமே சாயும். உயரமும் முக்கியம். செருப்பைப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வர வேண்டும். காட்டில் வெட்டின நீளக் கம்பு தோளை மேலே தூக்கிவிடும், குட்டைக் கம்பு உடம்பைக் கூன வைக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் வலிக்கிற காலும் முதலில். லயத்துப் படிகளில் இதை இரண்டு நாள் பழகினால் போதும், பிறகு மறக்காது.

கோல் பிடிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற தாத்தாமாருக்கு ஒரு வார்த்தை. கவ்வாத்துக் காட்டுக்குக் கத்தி இல்லாமல் போவீர்களா? அது மாதிரித்தான் இதுவும்.

பேச்சு முடிந்ததும் சில கேள்விகள் வந்தன. மலையில் வேலை செய்கிற ஒரு தாய் எழும்பி, "நீங்க சொல்றது எல்லாம் சரிதாங்க. பாரம் தூக்காம எப்புடிங்க பேர் போடுறது? கைய வீசிக்கிட்டு வந்தா கொழுந்து தானா மடுவத்துக்கு வருமா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நியாயம். பயிற்சியால் தீராத விசயம் இது. நாங்கள் அங்கேயே சொன்ன பதிலை இங்கும் எழுதுகிறோம். ஒரு நாளில் நிறுவையைக் கூட்டினால் ஒவ்வொரு தடவையும் சுமக்கும் பாரம் குறையும். நிறுக்கிற இடம் மலைக்குக் கிட்ட வந்தால் பாரத்தோடு நடக்கிற தூரம் குறையும். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குச் சறுக்கலான மலையை விட்டுக் கிட்டின மலையையோ, தவறணை வேலையையோ கொடுக்கலாம். பீலிக்குப் போகிற படியில் ஒரு பக்கம் கைபிடிக் கம்பியும், கக்கூசுக்குப் போகிற பாதையில் ஒரு விளக்கும் போட்டால் பலர் விழாமல் தப்புவார்கள். தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுப்பதற்காக இந்த நான்கையும் அன்றே குறித்துக்கொண்டோம். தலைவர்மார் இருவரும் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு தாத்தா, "எனக்கு வயசு எழுவத்திரெண்டு, இனி பயிற்சி செஞ்சி என்னாத்துக்கு?" என்றார். எண்பது வயதிலும் பயிற்சி செய்தால் தசை பலப்படும் என்று சொன்னோம். "அப்ப எனக்கு இன்னும் எட்டு வருசம் லீவு இருக்கு" என்றார். அவரை மேடைக்கு அழைத்துக் கதிரையில் இருந்து எழும்பச் சொன்னோம். ஆறு தடவை எழும்பினார். ஏழாவது தடவைக்குக் கையை ஊன்றினார். அடுத்த மாதம் ஏழு வேண்டும் என்று அவருடைய பேத்தியிடம் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த கிளினிக் நாளில் ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைக் கையோடு கொண்டு வாருங்கள், போடுகிற செருப்பையும் போட்டுக்கொண்டே வாருங்கள். உயரம் பார்த்து, நீளமாக இருந்தால் அறுத்து, அடியில் ரப்பர் மாட்டித் தருவோம். ஒரு கை மட்டும் ஆடவில்லை என்று வீட்டில் யாரையாவது கவனித்திருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். வரமாட்டேன் என்றால் லய இலக்கத்தை மட்டும் சொல்லுங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம்.